நீலக்கைக்காரியின் சுண்டுவிரல்

எடே,
20 அக்டோபர் 1996

அனிகே, என் அனிகே,

படிப்புக்கு வாழ்த்து. பயணத்துக்கு வாழ்த்து. விடுதிக் கட்டிலில் மூட்டைப்பூச்சி கடிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிக்கும் ஒரு வாழ்த்து. பஸ்காரர் உன் கடிதத்தை என் எண்ணெய்ச்சட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். முதல் பக்கத்தில் எண்ணெய் பட்டு எழுத்து தெரியவில்லை. மீதியைப் படித்தேன். பெரியவர்கள் பள்ளியில் நான் கற்ற எழுத்துக்கு உன் எழுத்து ரொம்பச் சின்னது. கொஞ்சம் பெரிதாக எழுது.

சந்தையில் எல்லோருக்கும் உன் பேச்சுத்தான். மிளகாய் விற்கிற ஸிஃபாவு கேட்டாள், "என்னமோ ஒம் மக டாக்டராகப் போறான்னு சொன்ன? இப்ப மரபியலாமே! அது என்னடி, மரம் வெட்டுற படிப்பா?" நான் சொன்னேன், "ஆமாடி. ஒரு குடும்பத்து மரத்தை வேரோட வெட்டுற படிப்பு." அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மருத்துவம் கிடைக்கவில்லையென்று நீ சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். கிடைத்த பாடம் என்னவென்று கேட்டேன். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு என்னென்ன வருகிறது என்று படிப்பது என்றாய். அந்த நிமிஷமே என் வயிறு குளிர்ந்துவிட்டது. அதைத்தான் படிக்கவேண்டும் என்றேன். காரணம் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உனக்கு முன்னால் பிறந்த அலாபியை நீ பார்த்ததில்லை. உனக்குப் பின்னால் பிறந்த கோகுமோவைப் பார்த்திருக்கிறாய். இரண்டு பேருக்கும் ஒரே நோவு. கை கால் வீங்கும், கண் மஞ்சளாகும், எலும்பைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். அலாபி போனபோதே உன் அத்தை சொல்லிவிட்டாள், இது அபிக்கு, திரும்பத் திரும்ப வந்து பிறந்து செத்து விளையாடுகிற பிள்ளை என்று. அதனால்தான், அனிகே என்று கொஞ்சிக் கூப்பிட்டாலும், உனக்கு துரோசின்மி என்று பேர் வைத்தேன். 'இருந்து என்னை அடக்கம் பண்ணு' என்று உன்னைக் கெஞ்சினேன். கோகுமோவுக்கு 'இனிச் சாகமாட்டான்' என்று பேர். அவனும் போனான்.

அவனுக்கு இடது கைச் சுண்டுவிரல் கொஞ்சம் உள்பக்கமாக வளைந்திருக்கும். அந்த விரலை என் கழுத்து மணிக்கயிற்றில் மாட்டிக்கொண்டுதான் தூங்குவான். அவன் உடம்பு பாயில் கிடக்கும்போது உன் அத்தை ஒரு கத்திக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இந்த வெரலைப் பாரு, இதுதான் அடையாளம். இதை வெட்டினா இனி வரமாட்டான், வந்தாலும் புடிச்சிரலாம்" என்றாள். என்னை நாலு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். உன் அப்பா லாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நீ அன்றைக்கு என் தங்கை வீட்டில் இருந்தாய்.

அதற்கப்புறம் என்னைச் சொன்னாள், பெற்ற வயிற்றிலேயே பிள்ளைகளைத் தின்கிற சூனியக்காரி என்று. உன்னையும் என் மூட்டையையும் வாசலில் வைத்தார்கள்.

நீ படித்து முடி. அந்தக் கறுப்பு அங்கியையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு ஒஷோக்போவில் உன் அப்பா வீட்டு முற்றத்தில் நில். உன் அத்தையோடு துணிக்குச் சாயம் முக்குகிற பெண்கள் எல்லோரும் கேட்கும்படி சொல், அந்த நோவு யார் ரத்தத்தில் வந்தது என்று. நான் சந்தையில் காராமணி வடை, அக்கரா, சுட்டு விற்று உன்னை அனுப்பியது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. மரவள்ளிக் குருணையைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடித்தே நாளை ஓட்டாதே.

உன்னைப் பெற்றவள்,
அம்மா


இபாதான்,
16 பிப்ரவரி 1997

மதிப்புக்குரிய அம்மாவுக்கு மண்டியிட்டு வணங்கி எழுதுவது.

நான் நலம். எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய அக்கராவை அறைத்தோழிகள் நான் முகம் கழுவி வருவதற்குள் முடித்துவிட்டார்கள். "உங்கம்மாவுக்குச் சொல்லு, அடுத்ததரம் ஒனக்கும் சேத்து அனுப்பச் சொல்லி" என்கிறார்கள்.

எங்கள் படிப்பு ஈயில்தான் தொடங்குகிறது என்று சொன்னால் ஸிஃபாவு அத்தை இன்னும் சிரிப்பார். நீங்கள் சந்தையில் விசிறியால் விரட்டுகிற அதே பழ ஈ. வாழைப்பழத்தை மசித்துப் பாட்டிலில் போட்டு வளர்க்கிறோம். சிவப்புக்கண் ஈயையும் வெள்ளைக்கண் ஈயையும் சேர்த்துவைத்து, பிறக்கும் குஞ்சுகளை மயக்கி, கண்ணின் நிறம் பார்த்துப் பிரிக்கவேண்டும். போன வாரம் நடுவில் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் தடவிக்கொண்டிருந்தபோது ஈயெல்லாம் மயக்கம் தெளிந்து பறந்துவிட்டன. எங்கள் ஆசிரியர் டாக்டர் எஃபியோங் கதவருகில் நின்று, "பறந்து போறது என் ஈ இல்ல புள்ளைங்களா, உங்க மார்க்கு" என்றார்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். இந்த வாரம் எங்கள் ரத்தத்தையே சோதித்தோம். அலாபிக்கும் கோகுமோவுக்கும் வந்தது பேயும் இல்லை, சூனியமும் இல்லை. அது ரத்த நோய். ரத்தத்தின் சிவப்பு உருண்டைகள் அரிவாள்போல் வளைந்து ரத்தக்குழாயில் சிக்கிக்கொள்கின்றன. அதனால்தான் அந்த வலி. நம் நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

ஒவ்வொரு குணத்துக்கும் நமக்குள் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று அம்மா கொடுப்பது, ஒன்று அப்பா கொடுப்பது. இந்த நோயின் துண்டுக்கு எஸ் என்று பெயர். என்னிடம் ஒன்று இருக்கிறது, ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. இரண்டும் எஸ்ஸாக விழுந்தால் நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் சோழியைப் புதிதாக உருட்டுகிற மாதிரி. தம்பிக்கும் அண்ணனுக்கும் இரண்டும் விழுந்துவிட்டது.

ஆகவே அம்மா, அப்பாவிடமிருந்து ஒன்று வந்தது. உங்களிடமிருந்தும் ஒன்று வந்தது. யார்மேலும் குற்றம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. உங்களுக்கும் ஆகும் என்று நம்புகிறேன்.

வணக்கத்துடன்,
துரோசின்மி


எடே,
9 மார்ச் 1997

அனிகே,

ஈக்கு வாழ்த்து. பறந்துபோன மார்க்குக்கும் வாழ்த்து.

பாதியா? பாதி கேட்கவா உன்னை இபாதானுக்கு அனுப்பினேன்? உன் டாக்டரிடம் போய்ச் சொல், எடேயில் அக்கரா சுடுகிற ஒருத்தி இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை என்று.

பேய் இல்லை, சூனியம் இல்லை என்று எழுதியதை ஸிஃபாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தேன். அந்த இடம் வரைக்கும் எனக்கும் மனசு லேசாகத்தான் இருந்தது. அப்புறம் 'உங்களிடமிருந்தும் ஒன்று' என்று வந்தது. அதை வாசிக்காமல் மடித்துவிட்டேன். அந்த ஒரு வரியை அடுப்பில் போடலாம் என்று பார்த்தேன். போடமுடியவில்லை, அதன் முதுகில் நீ எனக்கு வணக்கம் எழுதியிருக்கிறாய்.

யார்மேலும் குற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கத்தியும் சோழி உருட்டித்தான் விழுந்ததா? என் மூட்டையை வாசலில் வைத்ததும் சோழியா?

பாதியை எடுத்துக்கொண்டு அந்த முற்றத்துக்கு நான் போகமுடியாது. "பாதி நாங்க, பாதி நீ, சரியாப் போச்சு" என்று உன் அத்தை கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவாள். நீ இன்னும் படி. முழுக்க முழுக்க அவர்கள் வீட்டிலிருந்தே வந்தது என்று ஏதாவது ஒன்று உன் பாடத்தில் இருக்கும். அதைத் தேடு.

வெங்காயமும் உலர்ந்த மீனும் பஸ்காரரிடம் கொடுத்திருக்கிறேன். மீன் வாசனைக்குத் தோழிகள் மறுபடி வருவார்கள், ஒளித்துவை.

அம்மா


இபாதான்,
12 நவம்பர் 1997

மதிப்புக்குரிய அம்மாவுக்கு மண்டியிட்டு வணங்கி எழுதுவது.

ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் முடிந்து இப்போதுதான் வகுப்புகள் தொடங்கின. இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் ஆண்டில் ஒவ்வொருவரும் தன் குடும்பத்தைப் படமாக வரைந்து காட்டவேண்டும். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். நோய் இருந்தால் உள்ளே கறுப்பு அடிக்கவேண்டும். இறந்தவர்மேல் குறுக்கே ஒரு கோடு. நம் வீட்டை வரைந்தேன். ஒரு பிரதி உள்ளே வைத்திருக்கிறேன். நடுவில் இருக்கிற வட்டம் நான்.

இன்னொரு படமும் வரையவேண்டும், அதற்கு உங்கள் உதவி தேவை. சாதாரணமான, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு அது குடும்பத்தில் எப்படி இறங்கி வருகிறது என்று காட்டவேண்டும். சிலர் நாக்கைச் சுருட்டுவதை எடுத்தார்கள். டாக்டர் எஃபியோங் என் கையைப் பார்த்து, "ஒனக்கு வேற எதுக்கும்மா அலையணும், சுண்டுவிரலே வளைஞ்சிருக்கே" என்றார். உண்மைதான், என் இடது சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. கொஞ்சம்தான், இத்தனை வருஷம் நான் கவனித்ததே இல்லை. கோகுமோவுக்கும் இப்படி இருந்தது என்று எழுதியிருந்தீர்கள்.

இது அந்த ரத்த நோய் மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் வேண்டியதில்லை, ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். நீங்கள் மாவு பிசையும்போது உங்கள் விரல்களைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் நேர். அப்படியானால் வேறு யாருக்கு இருக்கிறது? யோசித்து எழுதுங்கள்.

வணக்கத்துடன்,
துரோசின்மி


எடே,
7 டிசம்பர் 1997

துரோசின்மி,

இந்தக் கடிதத்தில் வாழ்த்து இல்லை. என் பிள்ளைகள்மேல் கோடு போட்டிருக்கிறாய். ஒருத்தி கத்தியால் போட்டாள். நீ பேனாவால் போடுகிறாய். பாடம் என்று சொல்லாதே. அவளும் முறை என்றுதான் சொன்னாள். படத்தைத் தலைகீழாக மடித்துக் காசு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இனி விரல்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஒரு சட்டி அக்கரா கரிந்துபோனது. உன் அப்பா ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கை கண்முன்னால் வந்தது. இடது சுண்டுவிரல் எப்போதும் மற்ற விரல்களின்மேல் சாய்ந்துதான் கிடக்கும். அப்புறம் உன் அத்தை கை. அவள் வாழ்நாள் முழுக்க அவுரிச் சாயத்தில் முக்கிய கை, முழங்கை வரைக்கும் நீலம். அந்த நீலத்தைத்தான் எல்லோரும் பார்ப்போம், விரலை எவள் பார்த்தாள்? அவள் பிழிந்த துணியை நான் வாங்கி உலர்த்தியிருக்கிறேன் அனிகே. அந்தச் சுண்டுவிரல் கொக்கி. என் பிள்ளை விரல் மாதிரியே கொக்கி. தன் விரலையே அடையாளம் என்று சொல்லி என் பிள்ளை கையில் வெட்டியிருக்கிறாள் நீலக்கைக்காரி.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. முழுசு. பாதி இல்லை.

இன்னொன்றும் கேள். உன் அப்பா என்னை அனுப்பிய பிறகு கட்டிக்கொண்ட அபியோனா, போன சந்தை நாளில் என் கடைக்கு வந்தாள். முகத்தைத் தலைத்துணியால் மறைத்துக்கொண்டு, முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு. நான் சட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா."

"எத்தனை அக்கரா?"

"அக்கா, வாங்க வரல. ஒங்க பிள்ளைங்களுக்கு மொதல்ல எப்படி வந்துச்சு? கை வீங்குச்சா, இல்ல கண்ணு மஞ்சளாச்சா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளைக்கு இரண்டு வயது இருக்கும். காலில் இரும்புத் தண்டை, அதில் மணி. அபிக்குப் பிள்ளைகளுக்குப் பூட்டுவார்களே, அது. துணிக்கு வெளியே ஒரு கை தொங்கியது. வீங்கியிருந்தது. சுண்டுவிரல் வளைந்திருந்தது.

"பேரென்ன?"

"காஷிமாவோ."

'இருக்கிறானா பார்ப்போம்.' அழகான பேர் வைத்திருக்கிறார்கள்.

"அவரோட அக்கா சொல்றாங்க, இது ஒங்க கோகுமோதானாம். வெட்டின வெரலோட திரும்பி வந்துட்டானாம். நீங்கதான் அனுப்பினீங்களாம். மருந்து குடுக்கவே விடமாட்டேங்கறாங்க, எப்படியும் போறவனுக்கு எதுக்கு மருந்துன்னு. இந்தத் தடவை போனா முழுக் கையையும்…"

"எண்ணெய் காயுது. தள்ளி நில்லு" என்றேன்.

அவள் நின்றாள். அழுதாள். பிறகு போய்விட்டாள். தண்டை மணி சத்தம் மிளகாய்க் கடை தாண்டும்வரைக்கும் கேட்டது.

சொல்லியிருக்கலாம். இது ரத்த நோய், ஒன் புருஷன் குடுத்தது என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவேண்டும்? எனக்கு யார் சொன்னார்கள்? அவர்களும் பாயில் கிடத்திப் பார்க்கட்டும். உன் அப்பா இன்னொரு தரம் லாரிக்குள் போய் உட்காரட்டும். நீயும் வாயைத் திறக்காதே. அந்த வாசலை மிதித்தாய் என்று காதில் விழுந்தால் எனக்கு மகள் இல்லை.

அம்மா


இபாதான்,
11 ஜனவரி 1998

அம்மாவுக்கு,

பிள்ளையை உடனே அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். ஒஷோக்போவில் வியாழக்கிழமைதோறும் இந்த நோய்ப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள், விசாரித்துவிட்டேன். தினமும் ஃபோலிக் மாத்திரை, மலேரியா வராமல் இருக்க ஒரு மாத்திரை, நிறையத் தண்ணீர், குளிர் படாமல் பார்த்துக்கொள்வது. இவ்வளவுதான் அம்மா. இவ்வளவுதான். இதோடு வளர்ந்து என் வகுப்பிலேயே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அலாபிக்கும் கோகுமோவுக்கும் இதை யாரும் சொல்லவில்லை.

நான் அந்த வாசலை மிதிக்கமாட்டேன், நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அப்பாவுக்குக் கடிதம் போட்டால் அது அத்தை கைக்குத்தான் போகும்.

படம் நன்றாக இல்லை என்றீர்கள். இன்னொன்று வரைந்திருக்கிறேன். அதில் காஷிமாவோவைச் சேர்த்திருக்கிறேன். அவன் என் தம்பி. சதுரம். உள்ளே கறுப்பு. மேலே இன்னும் கோடு போடவில்லை.

அந்தக் கோட்டை நீங்கள்தான் போடப்போகிறீர்கள் என்றால் எனக்கு எழுதித் தெரிவியுங்கள். அதுவரைக்கும் நான் எழுதமாட்டேன்.

துரோசின்மி


எடே,
29 மார்ச் 1998

அனிகே,

எழுதமாட்டேன் என்கிற மகளுக்கு எந்த வாழ்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. மௌனத்துக்கு வாழ்த்து. பஸ்காரர் ஒவ்வொரு வாரமும் கையை விரித்துக் காட்டுகிறார், "இன்னைக்கும் ஒண்ணுமில்லம்மா" என்று. அவர் கையை விரிக்கும்போதெல்லாம் நான் அவருடைய சுண்டுவிரலைத்தான் பார்க்கிறேன். இப்போதெல்லாம் யார் கையைப் பார்த்தாலும் அப்படித்தான். இது உன்னால் வந்த வியாதி.

உன் கோட்டுக்குப் பயந்து போனேன் என்று நினைக்காதே. பழி தீர்க்கத்தான் போனேன்.

உன் அத்தை தன் இரட்டைப் பிள்ளைகளுக்காக வருஷாவருஷம் காராமணி ஆக்கி விருந்து போடுவாளே, அந்த நாளாகப் பார்த்துப் போனேன். அன்றைக்குத்தான் சாயக்காரப் பெண்கள் எல்லோரும் முற்றத்தில் இருப்பார்கள். நல்ல இடுப்புத்துணி கட்டிக்கொண்டேன். பெரிய தட்டு நிறைய அக்கரா சுட்டுத் தலையில் வைத்துக்கொண்டேன். விருந்து வீட்டுக்குப் பலகாரத்தோடு வருகிறவளை யாரும் வாசலில் நிறுத்தமுடியாது, அவள் யாராக இருந்தாலும்.

முற்றம் அப்படியே இருக்கிறது. சாயப்பானைகள், கொடியில் நீலத்துணி, உன் அப்பாவின் லாரி. நேராக உள்ளே நுழைந்தேன். உன் அத்தைக்கு முன்னால் போய் மண்டியிட்டேன். முறையாக, இரண்டு முட்டியும் தரையில் படும்படி.

"யாரிது? எடே காத்து இந்தப் பக்கம் வீசுது?" என்றாள்.

"இரட்டைப் பிள்ளைங்களுக்குக் காராமணி ஆக்கினா அக்கரா வேண்டாமா அக்கா?"

எல்லோரும் சாப்பிட்டார்கள். என் அக்கராவை எதிரிகூட வேண்டாம் என்று சொல்லமாட்டான். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு கேட்டேன்.

"அந்தப் பிள்ளை வெரலைப் பத்தி ஊரே பேசுது. நானும் ஒருதரம் பாக்கட்டுமா? வெட்டினது எம் பிள்ளை வெரல், அடையாளம் எனக்குத்தானே தெரியும்."

அவளுக்கு அது பிடித்துவிட்டது. "பாரு, நல்லாப் பாரு. நீ அனுப்பின திருடன்தானே" என்று அபியோனாவைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் பிள்ளையைக் கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பிள்ளையின் கையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன்.

"வெட்டின வெரல்னா நகம் எப்படி இருக்கு?" என்றேன். "வெட்டினதுல நகம் மொளைக்குமா? இது வெட்டின வெரல் இல்ல. வளைஞ்ச வெரல். அக்கா, ஒங்க இடது கையைக் கொஞ்சம் குடுங்க."

கொடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் தட்டிலிருந்து அக்கரா எடுத்துக்கொண்டிருந்தாள், கை முன்னால்தான் இருந்தது. பிடித்துக்கொண்டேன். பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்று நீலம், ஒன்று இல்லை. மற்றபடி ஒரே அச்சு.

யாரோ ஒருத்தி "ஐயையோ" என்றாள்.

"விடுடி கையை! இது சாயம் பிழிஞ்சு பிழிஞ்சு வளைஞ்சது!"

"அப்படியா? ஒங்க தம்பி லாரி ஓட்டுறவரு. அவரும் சாயம் பிழிஞ்சாரா?"

அப்போது சிரித்தார்கள் பார், அனிகே, அந்தச் சிரிப்பை உனக்குப் பஸ்ஸில் ஏற்றி அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன். "டிரைவர் கையைக் காட்டச் சொல்லு!" என்று ஒரு கிழவி கத்தினாள். உன் அப்பா லாரி நிழலில் நின்றிருந்தார், கை சட்டைப்பைக்குள் இருந்தது. அந்தக் கிழவி எழுந்து போய்க் கையை வெளியே இழுத்தாள், மாமியார் மருமகனை இழுக்கிற மாதிரி.

"இப்ப கத்தி எங்க அக்கா?" என்று கேட்டேன். "கொண்டாங்க. அடையாளம் இருக்கிற வெரலையெல்லாம் வெட்டிரலாம். மொதல்ல யாரு?"

சிரிப்பு நின்றுவிட்டது. உன் அத்தை கையை இடுப்புத்துணிக்குள் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும்.

பிறகு ரத்தத்தைப் பற்றிச் சொன்னேன். பேய் இல்லை, நோய் என்று சொன்னேன். எம் மக பல்கலைக்கழகத்துல கண்ணாடிக் குழாய்ல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா என்றேன். "இந்தப் பிள்ளைக்கும் எம் பிள்ளைங்களுக்கும் ஒரே நோவு. வெரல் எந்த வீட்டுலேருந்து வந்துச்சோ நோவும் அந்த வீட்டுலேருந்துதான். முழுசா ஒங்க வீட்டு ரத்தம்" என்றேன்.

பாதி என்று நான் சொல்லவில்லை. உன் பாடத்தின்படி அது பொய், உன் டாக்டர் கேட்டால் மார்க்கைக் குறைத்துக்கொள்ளட்டும். பாதி என்று சொல்லியிருந்தால் மீதிப் பாதி யாருடையது என்று கேட்டிருப்பார்கள். அபியோனா வாயிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மூட்டையையும் வாசலில் வைத்திருப்பார்கள். அந்த வாசலில் மூட்டையோடு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்காகச் சொல்லவில்லை. அவர்களுக்குச் சாக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

உன் அப்பா என்னைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார். என்னையா, அவர் அக்காவையா என்று தெரியவில்லை. நான் பதில் சொன்னேன்.

"வியாழக்கெழமைதோறும் ஆசுபத்திரி. அதையும் ஒங்க அக்காதான் கொண்டுபோகணும். முதுகுல கட்டிக்கிட்டு, சந்தை வழியா, நடந்து. லாரியில இல்ல. ஒரு வியாழன் தப்பினா, நான் இந்த ஊர்ச் சந்தையிலயே கடை போட்டு, இந்த வெரல் கதையை அக்கராவோட சேத்து விப்பேன்."

"அக்கா, தூக்கிட்டுப் போ" என்றார் உன் அப்பா. அவர் அவளிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அபியோனா அங்கேயே உட்கார்ந்து தண்டையைக் கழற்றத் தொடங்கினாள். பூட்டு துருப்பிடித்திருந்தது. சாயக்காரி ஒருத்தி கல்லைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழனும் கடையை மூடிவிட்டு ஒஷோக்போவுக்குப் போய்விடுகிறேன். வியாபாரம் கெடுகிறது என்று ஸிஃபாவு திட்டுகிறாள். கெடட்டும். சந்தை முனையில் நின்று பார்ப்பேன். நீலக்கைக்காரி வருவாள், முதுகில் அவள் திருடன் என்று சொன்ன பிள்ளை. பெண்கள் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்ப்பார்கள். அவள் என்னைத் தாண்டிப் போவாள். நான் பின்னாலேயே மருத்துவமனைக்குப் போவேன், ஒரே பெஞ்சில் உட்காருவோம், பேசமாட்டோம். ரத்தம் பார்த்தார்கள், நீ சொன்னதுதான். மாத்திரை கொடுத்தார்கள், நீ சொன்னதுதான். கை வீக்கம் வடிந்திருக்கிறது.

போன வியாழன் அவளிடம் ஒன்று கேட்டேன். இத்தனை வருஷமாக வைத்திருந்த கேள்வி. "எம் பிள்ளை வெரலை எங்க போட்ட?"

முதுகுத் துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள். பிறகு, "எனக்குத் தெரியாது. கத்திக்காரன் இலையில சுத்தி எடுத்துட்டுப் போனான்" என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன். இதை நீ எழுதி வைத்துக்கொள்.

அப்போது உள்ளேயிருந்து மருந்துச் சீட்டு வாங்கக் கூப்பிட்டார்கள். அவள் துணியை அவிழ்த்து, பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். நான் தள்ளி வைத்திருக்கலாம். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. அவன் தூக்கத்தில் இருந்தான், வாயில் மாத்திரை கசப்பு, மூக்கைச் சுளித்துக்கொண்டு. கையைத் தூக்கித் துழாவினான்.

அந்தப் படத்தை டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டேன். புதிய படத்தில் அவன் சதுரத்தை அப்படியே வைத்திரு. கோடு வேண்டாம். நான் சொல்லியாகிவிட்டது, இனி நீ எழுதலாம்.

எழுதும்போது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. இதுவரை கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாய். விரல் உன் அப்பா வீட்டுச் சொத்து, ஒத்துக்கொள்கிறேன். ரத்தம் உன் அப்பாவும் அபியோனாவும் பாதிப்பாதியாகக் கொடுத்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளையிடம் என்னுடையது ஒரு துண்டுகூட இல்லை. ஆனால் கழுத்தில் கிடக்கிற மணிக்கயிறு என்னுடையது. அந்த வளைந்த விரலை அதில் மாட்டிக்கொண்டு தூங்கச் சொல்லி அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது, அனிகே?